காற்றைப் பிரித்த கார்ல் லிண்டே

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் நீரைக் கொண்டுபோக, உப்பு பாத்தியிலே தங்குவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குப் புலனாகாத காற்றையே பிரித்தெடுத்தவர் கார்ல் லிண்டே என்னும் ஜெர்மானியர்.

1842-ஆம் வருஷம் பவேரியா நாட்டில் ஒரு போதகரின் புதல்வராய்ப் பிறந்த இவர், ஜூரிச் தொழிற்கல்லூரியில் மாணவர் கிளர்ச்சியிற் கலந்துகொண்டமையால் 1864-இல் பட்டமின்றி வெளியேற்றப்பட்டார். (நம் மாணவர்கள் இதனை மட்டும் பின்பற்றாதிருப்பார்களாக!) எனினும் மியூனிக் நகரிற் பேராசிரியரானார். யந்திரம் இயற்றிய ரூடால்ப் டீசல் இவருடைய மாணாக்கரே.

1895-இல் லிண்டே காற்றைத் திரவமாக்கினார். நைட்ரஜன் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியிலும், பிராணவாயு 183 டிகிரியிலும் கொதிப்பன. ஆதலால் முன்னது முந்தி ஆவியாகும், பின்னது தங்கும். இவ்வழியே 1902-இல் தூய பிராணவாயுவைப் பெற்றார்.

மாணாக்கரின் யந்திரம் காற்றை உட்கொள்வதால் அதன் புகையிற் பெரும்பகுதி நைட்ரஜனே. உலகை வெப்பமாக்கும் கரியமிலவாயுவை அதினின்று பிரித்தல் அரிது. காற்றுக்குப் பதிலாக ஆசிரியரின் பிராணவாயுவைப் புகட்டினால், புகையில் பெரும்பாலும் நீராவியும் கரியமிலவாயுவுமே இருக்கும். குளிர்வித்து நீரை வடித்துவிட்டால் எஞ்சிய வாயுவைப் பிடித்து அடைத்துவைக்கலாம். ஆனால் உப்பளத்திற் சூரியன் கூலியின்றி உழைக்கிறான். காற்றைப் பிரிப்பதற்கோ மிகுந்த மின்சாரம் வேண்டும். இத்தகைய யந்திரங்கள் பெருகாமைக்கு இச்செலவே பெருந்தடை.

லிண்டே 1934-இல் மியூனிக்கிற் காலமானார்.