வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884)

பதுளை, பசறைத் தோட்டப் பாடசாலைகளில் மூளை, நரம்பு பற்றித் தமிழில் விடை எழுதும் மாணவர்களே, இவரை அறிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்த கிறீன், 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடிப் போய்விடுவர். கிராமத்து நோயாளியை யார் பார்ப்பது? ஆகவே 1864 முதல் தமிழிலேயே படிப்பித்தார்.

அதற்குப் பாடநூல் வேண்டுமே! தமிழ் கற்றிருந்த அவர், மாணவர்களின் துணையுடன் மொழிபெயர்த்தார். சொல் தேடுவதே பெரும்பாடு. உடலமைப்பைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. மூளையும் நரம்புகளும் அப்போதே தமிழ்ப் பாடமாயின. 1873இல் தாயகம் திரும்பியும் அவர் பணியை விடவில்லை. உடற்றொழிலை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளியாயிற்று. மறுவருடம் காலமானார்.