அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தீராத வலி - ஜான் கென்னடியின் வாழ்வு தரும் சிந்தனை



நம் பங்குகளில் கென்னடி என்ற பெயருடையவர்கள் பலர் உண்டு. 1960களிலும் அதற்குப் பின்னும் பிறந்த எத்தனையோ ஆண்பிள்ளைகளுக்கு, புனிதரின் பெயரோடு இந்தப் பெயரையும் சேர்த்துச் சூட்டி மகிழ்ந்தனர் பெற்றோர். அமெரிக்க நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபர் என்ற பெருமிதமே அதற்குக் காரணம். அவரது சிரித்த முகத்தை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் வாழ்நாளில் பாதிக்கும் மேல் அவர் முதுகுவலியோடு வாழ்ந்தார் என்பதும், முதுகில் நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தும் அந்த வலி அவரை விட்டு நீங்கவில்லை என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

இதை இன்று நினைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. வீடு சந்திக்கச் செல்லும்போது, முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்த பிறகும் வலியோடு படுத்திருப்பவர்களை நாம் காண்கிறோம். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, நேர்ச்சை செய்து, நம்பிக்கையோடு ஆபரேஷனுக்குப் போனவர்கள் அவர்கள். வலியைவிட அவர்களை அதிகம் வருத்துவது, ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வலி என்று வீட்டாரே கேட்பதுதான். தங்கள் விசுவாசம் குறைவானதால்தான் இறைவன் செபத்தைக் கேட்கவில்லையோ என்று சிலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். இவர்களுக்குக் கென்னடியின் வாழ்வு ஒரு தோழமையாக இருக்கும் என்று நம்புகிறோம்.

இளமையிலேயே வந்த வலி

ஜான் கென்னடி 1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், அமெரிக்காவின் புரூக்லைன் நகரில், ஒன்பது பிள்ளைகள் உள்ள ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலிருந்தே நோயாளிப் பிள்ளை. கல்லூரி நாட்களில் முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. அந்த முதுகின் காரணமாகவே தரைப்படை அவரைச் சேர்க்க மறுத்தது. தந்தையின் செல்வாக்கால் 1941இல் கடற்படையில் சேர்ந்தார்.

1943 ஆகஸ்ட் 2 அன்று, சாலமன் தீவுகளுக்கருகே, அவர் தலைமையேற்றிருந்த சிறிய போர்ப்படகை ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று நள்ளிரவு கடந்த இருளில் மோதி இரண்டாகப் பிளந்தது. 13 பேரில் 2 பேர் மாண்டனர். தீக்காயம்பட்டு நீந்த இயலாத ஒரு மாலுமியின் மிதவைச் சட்டை வாரைத் தம் பற்களால் கவ்விக்கொண்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீந்தி ஒரு தீவுக்கு அவரை இழுத்துச் சென்றார் கென்னடி. மற்றவர்களும் கரை சேர்ந்தனர். 11 பேரும் உயிர் பிழைத்தனர். ஆனால் ஏற்கெனவே பழுதுபட்டிருந்த அவரது முதுகு மேலும் மோசமானது.

நான்கு அறுவை சிகிச்சைகள்

1944 ஜூன் மாதம், 27ஆம் வயதில், பாஸ்டன் நகரில் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பகுதியிலிருந்து சிதைந்த திசுவை எடுத்தார்கள். எதிர்பார்த்த சுகம் கிடைக்கவில்லை. 1947இல் லண்டனில் நோயுற்றபோது, அட்ரினல் சுரப்பிகளைப் பாதிக்கும் அடிசன் நோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. கப்பலில் நாடு திரும்பும் வழியில் நிலைமை மோசமாகி, அவருக்கு நோயில்பூசுதல் வழங்கப்பட்டது.

1954இல், செனட் சபை உறுப்பினராக இருந்தபோது, ஊன்றுகோல்கள் இன்றி நடக்க முடியாத நிலை வந்தது. அடிசன் நோய் உள்ளவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் அவர் துணிந்தார். அக்டோபர் 21 அன்று நியூயார்க் நகரில், மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நடந்த சிகிச்சையில், முதுகெலும்பில் உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்தினார்கள். சில நாட்களில் கிருமித்தொற்று ஏற்பட்டு நினைவிழந்தார். குடும்பத்தார் கூடினர். குருவானவர் வந்து மீண்டும் நோயில்பூசுதல் வழங்கினார். இந்த முறையும் அவர் பிழைத்தார். ஆனால் முதுகுப் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் மூன்றாவது அறுவை சிகிச்சை செய்து, பொருத்திய தகட்டை எடுத்துவிட்டார்கள்.

குப்புறவும் மல்லாக்கவும் மாறி மாறிக் கிடந்த அந்த மாதங்களில்தான், நெருக்கடியிலும் மனச்சான்றின்படி நடந்த அமெரிக்க செனட் உறுப்பினர்கள் சிலரைப் பற்றிய நூலை, உதவியாளர் ஒருவரின் பெரும் துணையோடு அவர் உருவாக்கினார். 1956இல் வெளிவந்த அந்நூல், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதே 1957இல், முதுகில் சீழ்க்கட்டி ஏற்பட்டு நான்காம் முறையாக அறுவை சிகிச்சை நடந்தது.

எது உதவியது?

நான்கு முறை கத்தி பட்டும் தீராத வலிக்கு எது உதவியது? பெரிய அற்புதம் எதுவும் நிகழவில்லை. சின்னச் சின்ன உதவிகளே கைகொடுத்தன. 1955 முதல் அவரைக் கவனித்த ஜேனட் டிராவல் என்ற பெண் மருத்துவர், தசைகள் இறுகி வலிக்கும் இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டார். ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பதைக் கண்டு, காலணியின் குதிகாலை உயர்த்தித் தந்தார். சாய்ந்தாடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிற்காலத்தில் அந்த நாற்காலி உலகப் புகழ் பெற்றது. வெந்நீர்க் குளியல், நீச்சல், இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் ஆகியவை அன்றாடத் துணைகளாயின.

1961 மே மாதம், கனடாவின் ஒட்டாவாவில் மரம் நடும் விழாவில் மண்வெட்டியைப் பிடித்துக் குனிந்தபோது முதுகு மீண்டும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரை அழைத்தார்கள். அவர் கத்தியை எடுக்கவில்லை. பலவீனமாகிப் போன தசைகளை வலுப்படுத்த, வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி செய்ய வைத்தார். வலி முற்றிலும் போகவில்லை என்றாலும், நடமாட்டம் எளிதாயிற்று.

ஆனால் அவரிடம் நாம் பின்பற்றக் கூடாதவையும் உண்டு. தம் நோயின் முழு உண்மையையும் மக்களிடமிருந்து மறைத்தார். தம் மருத்துவர்களின் எச்சரிக்கையை மீறி, வேறொருவரிடம் ஊக்கமருந்து ஊசிகளைப் போட்டுக்கொண்டார். 2002இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலக் அவரது மருத்துவக் குறிப்புகளைப் பார்வையிட்ட பிறகுதான், அவர் தினமும் எத்தனை மருந்துகளோடு வாழ்ந்தார் என்பது உலகுக்கு விரிவாகத் தெரிந்தது. அவரது தனிவாழ்வில் குறைகள் இருந்தன. எனவே அவரைப் புனிதராக நாம் முன்வைக்கவில்லை. வலியோடு தம் கடமையைச் செய்த, நம்மைப் போன்ற ஒரு பலவீனமான மனிதராகவே பார்க்கிறோம்.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, வலி தொடர்வது நம் விசுவாசக் குறைவின் அடையாளம் அல்ல. நெடுநாள் அழுந்திய நரம்பு, சிகிச்சையால் உள்ளே ஏற்படும் தழும்பு, வலுவிழந்த தசைகள் எனப் பல காரணங்களால் ஆபரேஷனுக்குப் பின்னும் வலி நீடிக்கலாம் என்கிறது மருத்துவம். திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, ஆனால் தாங்கும் அருள் கிடைத்தது. அவரை விசுவாசம் குறைந்தவர் என்று யார் சொல்ல முடியும்?

இரண்டாவது, வலியைக் குறைக்க முயல்வது பாவமல்ல. துன்பத்தை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதற்காக மருந்தை மறுக்கத் தேவையில்லை. தகுந்த காரணத்தோடு வலிநிவாரண மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியிலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். மருத்துவரை மறுபடியும் பாருங்கள். பிசியோதெரபி பயிற்சியைப் பாதியில் விடாதீர்கள். கண்ட ஊசியையும் கண்ட எண்ணெயையும் நம்பி ஓடாதீர்கள்.

மூன்றாவது, வலியை மறைக்காதீர்கள், உதவியை மறுக்காதீர்கள். நம் ஆண்டவரே கல்வாரி வழியில் சீரேனே ஊர் சீமோன் தம் சிலுவையைத் தூக்க இடம் கொடுத்தார். குடத்தைத் தூக்க மருமகளைக் கூப்பிடுவதும், திருப்பலியில் முழந்தாளிட முடியாமல் நாற்காலியில் அமர்வதும் அவமானம் அல்ல. வீட்டில் இருப்பவர்களே, வலி கண்ணுக்குத் தெரியாததால் அது பொய்யாகிவிடாது. இன்று எப்படி இருக்கிறது என்று பொறுமையோடு கேட்பதே பாதி மருந்து.

நான்காவதாக, நோயில்பூசுதல் பற்றி ஒரு வார்த்தை. முன்பு இதை அவஸ்தைப்பூசுதல் என்றோம். அதனால் குருவானவர் எண்ணெயோடு வந்தால் நோயாளி இறந்துவிடுவார் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கென்னடி 1947இலும் 1954இலும் இந்த அருட்சாதனத்தைப் பெற்று, பிழைத்து, நாட்டை ஆண்டார். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் சுடப்பட்டபோது, ஆஸ்கர் ஹியூபர் என்ற பங்குத்தந்தை மருத்துவமனைக்கு விரைந்து வந்து கடைசி முறையாக அவருக்கு எண்ணெய் பூசினார். அதிலிருந்து பன்னிரண்டு நாட்கள் கழித்து, டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றும், நோயில்பூசுதல் என்ற பெயரே இதற்கு அதிகம் பொருந்தும் என்றும் போதித்தது. ஆகவே கடுமையான நோயில் இருக்கும்போதும், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், நிலைமை மோசமாகும்போது மீண்டும், தயங்காமல் உங்கள் பங்குத்தந்தையை அழையுங்கள். நோயாளி நினைவோடு செபிக்கும்போதே அழையுங்கள்.

நான்கு அறுவை சிகிச்சைகளாலும் தீராத வலி கென்னடியின் வாழ்வை நிறுத்திவிடவில்லை. நம் வலியும் நம்மை நிறுத்த வேண்டியதில்லை. வலியோடு ஒரு செபமாலை சொல்லலாம், பேரப்பிள்ளைக்கு ஒரு விவிலியக் கதை சொல்லலாம், நம்மைப் போல் படுத்திருக்கும் இன்னொருவரைத் தொலைபேசியில் விசாரிக்கலாம். இன்றே அதில் ஒன்றைத் தொடங்குவோம்.

செபம்: சிலுவையின் பாரத்தை அறிந்த ஆண்டவரே, வலியால் உறக்கமின்றித் தவிக்கும் எம் சகோதர சகோதரிகளை நினைவுகூரும். வலி நீங்குவது உமது திருவுளமானால் நீக்கியருளும். அது தொடருமானால், தாங்கும் பலத்தையும், அருகிருந்து தாங்கும் கரங்களையும் தந்தருளும். ஆமென்.