மதுவிலக்குக் காலத்தில் வளர்ந்த மதுத் தொழிலதிபர் - விட்டல் மல்லையா

மது என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது தோட்டத்துக் கள்ளுக்கடைதான். ஜொகூரில் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்திலும் ஒன்று இருந்ததாம். சம்பள நாளன்று அக்கடைக்குப் போகும் பாதையில் பாட்டி காத்து நிற்பாராம். எனவே, ஒரு மதுத் தொழிலதிபரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் யாரும் மகிழவில்லை. குடித்துக் கெட்டவர்களின் கதையைக் கேட்டே வளர்ந்த நமக்கு, விற்றவர்களின் கதையும் தெரிந்திருக்கட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

விட்டல் மல்லையா 1924 பிப்ரவரி 8இல் டாக்காவில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் மருத்துவர். கொங்கணி பேசும் இக்குடும்பத்தின் பூர்வீகம் மங்களூர்ப் பக்கத்துப் பந்த்வால். விட்டல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

அவர் கைக்கு வந்த நிறுவனம் அவரைவிட மூத்தது. 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சிறிய பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து 'யுனைடெட் புரூவரீஸ்' என்று பெயரிட்டார். அவற்றுள் பழையது 1857இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட கேசில் ஆலை. பிரிட்டிஷ் சிப்பாய்களின் தாகம்தான் அன்றைய வியாபாரம். பீப்பாய்கள் மாட்டுவண்டிகளில் முகாம்களுக்குப் போயின.

வெள்ளையர் மூட்டை கட்டத் தொடங்கிய 1946, 47இல் விட்டல் அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்கலானார். 1947இல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். மறு ஆண்டே தலைவர். அப்போது வயது 24, அதாவது நம் பட்டதாரிகள் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் வயது!

ஆனால் அந்த 1948ஆம் ஆண்டைக் கவனியுங்கள். சிப்பாய்கள் கப்பலேறிவிட்டனர். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது அதே ஆண்டில்தான். 1950இல் நடப்புக்கு வந்த இந்திய அரசியல் சட்டமோ, மதுவிலக்கைக் கொண்டுவர முயலுமாறு அரசுகளுக்கு வழிகாட்டியது. வாங்கிய சரக்கை விற்கச் சந்தையே இல்லாமல் போகும் ஆபத்து அவர் முன் நின்றது.

அவர் என்ன செய்தார்? எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கவில்லை. 1950இல் பழ ஜாம், பழரசம் செய்யும் கிசான் நிறுவனத்தை வாங்கினார். 1951இல், 1826 முதல் சென்னையில் வெளிநாட்டு மதுவை இறக்குமதி செய்து விற்றுவந்த மெக்டவல் நிறுவனத்தை வாங்கினார். 1959இல் மெக்டவலின் முதல் வடிசாலை கேரளத்துச் சேர்த்தலையில் எழுந்தது. ஒரு மாநிலம் கதவை மூடினால் இன்னொன்றில் திறந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

1977இல் மொரார்ஜி தேசாய் பிரதமரானபோது நாடு முழுவதும் மதுவிலக்கு வரும் என்ற பேச்சு எழுந்தது. பலர் அஞ்சி ஆலைகளை விற்க முன்வந்தனர். விட்டல் வாங்கினார். இதைத் துணிச்சல் என்பதா, பேராசை என்பதா? எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது. சிக்கனக்காரர், விளம்பரத்தை விரும்பாதவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. 'கிங்பிஷர்' பீர் புதுப்பொலிவோடு சந்தைக்கு வந்ததும் அவர் காலத்தில்தான், 1978இல்.

1983 அக்டோபர் 13இல் விட்டல் காலமானார். வயது 59. பொறுப்பேற்ற மகன் விஜய்க்கு வயது 27. மகன் 2005இல் அந்தப் பீரின் பெயரிலேயே விமானச் சேவை தொடங்கினார். கடன் முற்றி 2012இல் விமானங்கள் நின்றன. 2016இல் அவர் இந்தியாவை விட்டு வெளியேறினார். மதுபான நிறுவனம் டியாஜியோ வசம் போயிற்று. 2021இல் பீர் நிறுவனம் ஹைனெக்கனின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. நம் பெட்டாலிங் ஜெயா, சுங்கைவே ஆலையை நடத்துவதும் அதே ஹைனெக்கன் குழுமம்தான்.

பெங்களூரு நகரின் நடுவே விட்டல் மல்லையா சாலை இன்னும் அதே பெயரில் இருக்கிறது.