பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாட்டு... எழுதினவர் பேரு மறந்து போச்சு!

தமிழின் முதல் பேசும் படம் எது என்று கேட்டால், 'காளிதாஸ்' என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூட பட்டென்று சொல்லிவிடுவான். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி என்பதும் பலருக்குத் தெரியும். அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதினது யாரு என்று கேட்டுப் பாருங்கள். மதுரைக்காரர்களே முழிப்பார்கள்.

அவர்தான் மதுரகவி பாஸ்கரதாஸ். தமிழ் சினிமாவின் முதல் பாடலாசிரியர்.

பெயரைப் பார்த்து 'மதுரைக்கவி' என்று நினைத்துக் கொள்பவர்கள் உண்டு. மதுரம் என்றால் இனிப்பு. அதுதான் பட்டம். ஆனால் அவர் பேரு வாங்கியதும் மதுரையை வைத்துத்தான் என்பதால், அப்படி நினைத்தாலும் பெரிய தப்பில்லை.

பிறந்தது 1892-ல். சொந்த ஊர் நாகலாபுரம். இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் பக்கம் உள்ள கரிசல் பூமி. பெற்றோர் வைத்த பெயர் வெள்ளைச்சாமி. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாட்டுக் கட்டினவருக்கு இப்படி ஒரு பெயர்!

ஸ்பெஷல் நாடகம்

அந்தக் காலத்தில் மதுரைதான் நாடகத்துக்குத் தலைநகரம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்கள்தான் ஊர் ஊராக நடக்கும்.

இதில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு ரகம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஏஜெண்ட் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தால் சரி, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் இருவரும் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. விடிய விடிய ஆட்டம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழுகிற மாதிரி உச்சக்குரலில் பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் கூடவே பின்பாட்டுப் பாடுவார்.

வசனமெல்லாம் அந்த நேரத்தில் வாய்க்கு வருவதுதான். அதனால் நடுவிலே எந்தப் பாட்டை நுழைத்தாலும் கேட்பாரில்லை. கதைக்குச் சம்பந்தம் இருக்கணும் என்கிற கட்டாயமும் இல்லை.

இந்தச் சந்தில்தான் பாஸ்கரதாஸ் புகுந்தார்.

1919-ல் ஜாலியன் வாலாபாக்கில் வெள்ளைக்காரன் சுட்டுத் தள்ளினான். பஞ்சாபில் நடந்தது மதுரைச் சீமையில் பேப்பர் படிக்காத ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? பாஸ்கரதாஸ் அதைப் பாட்டாகக் கட்டினார். நாடகக்காரர்கள் மேடையில் பாடினார்கள். விடிந்ததும் அந்தப் பாட்டு வயக்காட்டுக்குப் போய்விட்டது. கதர், ராட்டை, கள்ளுக்கடை ஒழிப்பு என்று எதை எடுத்தாலும் அவரிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் சந்தையிலும் நாடகக் கொட்டகை வாசலிலும் விற்ற காலம் அது.

1876-லேயே நாடகங்களைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்திருந்தான். ஆனால் எழுத்தில் இல்லாத நாடகத்தை எப்படித் தடுப்பது? வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவதுபோல காட்சி வரும். மேடையில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார்கள். எந்தக் கொக்கு என்று ஜனங்களுக்குப் புரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீசுக்கும் புரியும்!

பாடினவருக்கு விலங்கு

பாட்டை எழுதினவரைவிடப் பாடினவர்தான் முதலில் மாட்டுவார். அப்படி அதிகமாக மாட்டினவர் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ். கைது ஆவார், வெளியே வருவார், மறுபடியும் மேடை ஏறி அதே பாட்டைப் பாடுவார். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகளும் உண்டு. அதையும் தாண்டி நின்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. பாஸ்கரதாஸ் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு பக்கம் கிராமபோன் தட்டு. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் என்றால் அன்றைக்குக் கொட்டகை தாங்காது. அவர்கள் குரலிலும் பாஸ்கரதாஸ் பாட்டு ஒலித்தது. காந்தியை ஏழைச் சந்நியாசியாகக் காட்டிய பாட்டை சுந்தராம்பாள் பாட, அது பட்டிதொட்டியெல்லாம் பரவியது. தட்டு வாங்கக் காசு இல்லாதவன் டீக்கடை வாசலில் நின்று கேட்டான்.

காளிதாசனும் காந்தியும்

1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' ரிலீஸ். பம்பாயில் எடுத்த படம், எச்.எம்.ரெட்டி டைரக்ஷன். கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்லுவார். யாரும் கண்டுகொள்ளவில்லை. படம் பேசுதே, அது போதாதா!

இதில்தான் பாஸ்கரதாஸ் தன் வேலையைக் காட்டினார். வடநாட்டுக் கவிராயன் காளிதாசன் கதையில், ராட்டையைக் காந்தியின் ஆயுதமாகச் சொல்லும் பாட்டு வருகிறது! இந்தியர்கள் நமக்குள்ளே ஏன் சண்டை என்று கேட்கும் இன்னொரு பாட்டும் உண்டு. பாடியவர் ராஜலட்சுமி.

காளிதாசனுக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குப் படித்தவர்கள் சிரிக்கலாம். மதுரை நாடகக் கொட்டகையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவனுக்கு அது சிரிப்பாகத் தெரிந்திருக்காது. ஸ்பெஷல் நாடகத்தில் தினம் நடந்ததுதானே? அந்தப் பழக்கத்தை அப்படியே சினிமாவுக்குக் கொண்டுவந்து விட்டார், அவ்வளவுதான். கதைக்குச் சம்பந்தமில்லாமல் பாட்டு வைக்கும் வழக்கம் நம்ம சினிமாவில் பிறகும் போகவில்லை!

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. அதன் பிறகும் 1930-களில் பல படங்களுக்கு அவர் பாட்டு எழுதினார். ஆனால் பேசும் படம் வளர வளர நாடகக் கொட்டகைகள் காலியாகின. கிட்டப்பா 1933-ல் 27 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். பாட்டு நிலைத்தது, பாடினவர் பேரும் நிலைத்தது. எழுதினவர் பேரு மட்டும் மெல்ல நழுவியது.

சுதந்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1952-ல் பாஸ்கரதாஸ் காலமானார். வயது 60.

ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. டைரி எழுதுவது. 1917 முதல் 1951 வரை அவர் எழுதி வைத்த குறிப்புகள் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தன. எழுத்தாளர்கள் ச.தமிழ்ச்செல்வன், கோணங்கி, நாடக இயக்குனர் ச.முருகபூபதி மூவரும் அவருடைய பேரன்கள். முருகபூபதி அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 2009-ல் புத்தகமாகக் கொண்டு வந்தார். மேடையில் யார் யாரோ பாடிய பாட்டுகளை எழுதின மனுஷன், தன் கையால் தன்னைப் பற்றி எழுதினது அதுதான்.