உருகிய ஐஸ்க்ரீமும் ஒன்றரை ஹெச்.பி இன்ஜினும்: தோணிரேவு படகுகளுக்குப் பின்னால் ஒரு மனிதர்

இன்ஸ்டாவில் ஸ்பீடு போட் ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. பின்பக்கம் வரிசையாக நாலு இன்ஜின் தொங்க, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். அடுத்த ரீலில் இன்னொரு படகு. அதில் இன்ஜினே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே வேகம். முதலாவது அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே பின்பலகையில் மாட்டுவது. இரண்டாவது இன்போர்டு, படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. இந்த இரண்டில் எதை வாங்குவது என்று வேகப்படகுப் பிரியர்கள் வருடக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

அவங்க சண்டை அப்படியே இருக்கட்டும். நீங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாக பழவேற்காடு பக்கம் போய், தோணிரேவில் இறங்குங்க.

ஊர்ப் பெயரே அழகு. தோணி நம்ம தமிழ். ரேவு என்றால் தெலுங்கில் படகுத்துறை. ஆந்திர எல்லையைத் தாண்டி நீளும் ஏரிக்கரையில் இரண்டு மொழியும் கைகோத்து நிற்பதில் ஆச்சர்யம் இல்லை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பேர்தான் பெரிசு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடந்தே போயிடலாம். அதனால்தான் இன்னமும் கம்பு ஊன்றித் தள்ளுகிற படகுகளை இங்கே பார்க்க முடியும். பக்கத்திலேயே பைபர் படகுகளும் நிற்கும்.

ஒரு பைபர் படகு கரைக்கு வருவதைக் கவனியுங்க. தரை தட்டப்போகிற நேரத்தில், பின்னால் இருப்பவர் இன்ஜினைப் பிடித்து ஒரு சாய் சாய்ப்பார். ப்ரொப்பல்லர் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். படகு சேற்றை உரசாமல் வழுக்கிக்கொண்டு கரையேறும். இரண்டு செகண்ட் வேலை. அந்த இரண்டு செகண்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அவர் பெயர் ஓலே எவின்ரூட்.

1877-ல் நார்வேயில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்ளி என்ற ஏரிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்தது. பையனுக்கு வயலில் மனசு ஒட்டவில்லை. படகு, மெஷின், இந்த இரண்டும்தான். அப்பாவுக்கு இந்தப் படகுப் பைத்தியம் பிடிக்காமல், மகன் ஒளித்துவைத்துக் கட்டிய முதல் படகை உடைத்தே போட்டார் என்று ஒரு கதை உண்டு. பையன் அதற்கும் அசராமல் இன்னொன்று கட்டினானாம். (நம்ம வீடுகளில் லேப்டாப்பைப் பிடுங்கி வைக்கிற அப்பாக்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

16 வயதில் வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்பினார். பெரிய பள்ளிப்படிப்பு கிடையாது. பகலில் பட்டறை, ராத்திரியில் இன்ஜினீயரிங் புத்தகம். பிட்ஸ்பர்க், சிகாகோ என்று சுற்றிவிட்டு 1900 வாக்கில் மில்வாக்கி நகருக்கு வந்து சேர்ந்தார். தொழில், பேட்டர்ன் செய்வது. இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் அச்சு அசலாகச் செதுக்கித் தருகிற வேலை. இது சாதாரண வேலை இல்லைங்க. எந்த இடத்தில் உலோகம் தேவை, எந்த இடத்தில் அது வெறும் சுமை என்பதைக் கை சொல்லிக்கொடுக்கிற வேலை. பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம் என்பது என் கணிப்பு.

அங்கேதான் பெஸ் கேரி வருகிறார். பக்கத்து வீட்டுப் பெண், கணக்கு வழக்கில் கெட்டி. 1906 கோடையில் நண்பர்களோடு ஒக்காச்சி ஏரிக்குப் பிக்னிக் போனபோது பெஸ்ஸுக்கு ஐஸ்க்ரீம் சாப்பிட ஆசை வந்தது. காதலன் என்ன செய்வார்? துடுப்பை எடுத்தார். ஏரியைக் கடந்துபோய் வாங்கி, சுட்டெரிக்கும் வெயிலில் திரும்பத் துடுப்புப் போட்டு வருவதற்குள் ஐஸ்க்ரீம் பாலாகியிருந்தது. படகில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன இன்ஜின் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தார் என்பது கதை. சினிமாத்தனமான கதைதான், ஆனாலும் அந்தக் குடும்பமும் கம்பெனியும் விரும்பிச் சொன்ன கதை. அதே வருடம் இருவருக்கும் கல்யாணம்.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். அவுட்போர்டை முதலில் கண்டுபிடித்தவர் எவின்ரூட் இல்லை. 1896-லேயே அமெரிக்காவில் ஒரு கம்பெனி முயற்சி செய்திருந்தது. கேமரூன் வாட்டர்மேன் என்பவர் எவின்ரூட்டுக்கு முன்பே விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார். எவின்ரூட் செய்தது நம்பி வாங்கக்கூடிய ஒன்றை. சிலிண்டர் படுக்கைவாட்டில், அதிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் தண்டு, தண்ணீருக்கடியில் பல்சக்கரங்கள், அதன் முனையில் ப்ரொப்பல்லர். தோணிரேவில் நீங்க பார்க்கிற அவுட்போர்டிலும் தண்டும் பல்சக்கரமும் இன்றைக்கும் அதே வரிசையில்தான் இருக்கும்.

முதல் மாடலைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தாராம். 1909-ல் மில்வாக்கியின் கின்னிக்கின்னிக் ஆற்றில், ஒரு துடுப்புப் படகில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றரை ஹெச்.பி. 62 பவுண்டு எடை, நம் கணக்கில் 28 கிலோ. விலை 62 டாலர். இரவல் வாங்கிப்போன நண்பர் ஒருவர், பத்து இன்ஜினுக்கு ஆர்டரோடு திரும்பி வந்தாராம்.

அதன்பிறகு கம்பெனி ஓடியது பெஸ்ஸின் மூளையில். துடுப்பைத் தூக்கிப் போடுங்கள் என்கிற அர்த்தத்தில் அவர் எழுதிய விளம்பரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வெளிநாட்டு ஏற்றுமதியும் சூடு பிடித்தது. வாங்கியவர்களில் ஸ்காண்டிநேவிய மீனவர்களும் இருந்தார்கள். பொழுதுபோக்குக்குப் பிறந்த இன்ஜின், பிழைப்புக்குப் போனது அங்கேதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த மீனவர்கள் இடத்தில் நீங்க இருந்து யோசிங்க. அவர்களுக்கு இன்போர்டு தெரியாமல் இல்லை. அதன் நன்மைகள் நிஜமானவை. கனம் படகின் நடுவிலும் அடியிலும் இருப்பதால் அலையில் படகு நிதானமாக நிற்கும். பெரிய டீசல் இன்ஜின் வைக்கலாம், நாள்கணக்கில் ஓட்டலாம். நம்ம விசைப்படகுகள் எல்லாம் இன்போர்டுதான். ஆனால் அதற்குப் படகின் அடியில் ஓட்டை போட்டுத் தண்டை வெளியே விடணும், அந்த இடத்தில் தண்ணீர் கசியாமல் காலமெல்லாம் காவல் காக்கணும். ப்ரொப்பல்லரும் சுக்கானும் அடியில் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும். மண்மேடு வந்தால் தூக்க முடியாது. இன்ஜின் மக்கர் பண்ணினால் மெக்கானிக் படகுக்கு வரணும். அவுட்போர்டில் கதை தலைகீழ். திருகைக் கழற்றினால் இன்ஜின் மெக்கானிக்கிடம் போகும். ராத்திரி வீட்டுக்கும் வரும். தனியாகச் சுக்கான் வேண்டாம், இன்ஜினைத் திருப்பினாலே படகு திரும்பும். குறையும் உண்டு. மொத்தக் கனமும் பின்பலகையில் தொங்குவதால், படகுக்குப் பொருந்தாத பெரிய இன்ஜினை மாட்டினால் பின்பக்கம் அமுங்கி, அலை உள்ளே ஏறிவிடும்.

எவின்ரூட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் அவருடைய சண்டை ஹெச்.பி-யோடு மட்டும் இல்லை, கிலோவோடும்தான்.

தொழில் உச்சத்தில் இருந்தபோது பெஸ்ஸின் உடம்பு படுத்தியது. 1914 வாக்கில் ஓலே ஒரு முடிவு எடுத்தார். தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயருக்கே விற்றுவிட்டார். ஐந்து வருடம் இதே தொழிலில் இறங்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டார். கம்பெனியோடு சேர்த்துத் தன் சொந்தப் பெயரையும் விற்ற மாதிரி ஆகிவிட்டது. மனைவியையும் மகன் ரால்ஃபையும் கூட்டிக்கொண்டு காரிலும் படகிலும் ஊர் சுற்றினார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? அலுமினியம் கலந்த உலோகத்தில் புது இன்ஜின் ஒன்றை வரைந்தார். இரண்டு சிலிண்டர், 3 ஹெச்.பி. எடை 48 பவுண்டுதான், அதாவது சுமார் 22 கிலோ. சக்தி இரட்டிப்பு, எடையோ ஆறு கிலோ குறைவு! அதை எடுத்துக்கொண்டு பழைய கூட்டாளியிடமே போனார். மேயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சொந்தப் பெயரில் விற்கவும் வழியில்லை. அதனால் 1920-களின் தொடக்கத்தில் ஓலேயும் பெஸ்ஸும் ஆரம்பித்த புதுக் கம்பெனிக்கு எல்டோ என்று பெயர் வைத்தார்கள். எவின்ரூட் லைட் ட்வின் அவுட்போர்டு என்பதன் சுருக்கம். தன் பெயரை முதல் எழுத்துக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, தன் பெயரில் ஓடுகிற கம்பெனியோடேயே போட்டி போட்ட மனுஷன்! 1928-ல் வந்த நாலு சிலிண்டர் எல்டோ 18 ஹெச்.பி. அவுட்போர்டுகள் பந்தயத்துக்குப் போன காலம் அது. அடுத்த வருடம் எல்டோ, பழைய எவின்ரூட், லாக்வுட் மூன்றும் ஒன்றானபோது, தலைமை நாற்காலி ஓலேக்கு வந்தது. பெயர் திரும்பக் கிடைத்தது.

சுத்தமான வேகம் அப்போதும் இன்போர்டு பக்கம்தான் இருந்தது. 1932-ல் கார் வுட் என்ற பந்தய வீரர், பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்டு இன்ஜின்கள் நாலை உள்ளே அடுக்கிய மிஸ் அமெரிக்கா எக்ஸ் படகில், மணிக்கு 124.86 மைல், அதாவது 200 கிலோமீட்டரைத் தாண்டி உலக சாதனை செய்தார். மொத்தம் 6,400 ஹெச்.பி. ஓலே அதோடு மோதவே முயலவில்லை. அந்தப் படகின் இன்ஜினை யாரும் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே.

1933-ல் பெஸ் இறந்துபோனார். ஓலே அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. 1934 ஜூலையில் காலமானார். வயது 57. கம்பெனியை மகன் ரால்ஃப் எடுத்து நடத்தினார்.

இந்தியச் சிறுபடகுகளில் அவுட்போர்டு பரவலானது 1980-களில். தமிழகக் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகியது 2004 சுனாமிக்குப் பிறகு, நிவாரணமாக வந்தவற்றால். அரசு விண்ணப்பங்களில் இதற்கு வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று பெயர். நம்ம ஆட்கள் இதிலும் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். சின்ன டீசல் இன்ஜினைப் படகின் பின்பக்கம் உட்காரவைத்து, நீளமான தண்டின் முனையில் ப்ரொப்பல்லரைத் தண்ணீருக்குள் விடுகிற லாங் டெயில். உள்ளேயும் இல்லை, முழுசாக வெளியேயும் இல்லை. பெட்ரோல் செலவு இல்லை, ஆழம் குறைந்தால் தண்டைத் தூக்கிக்கலாம். ஓலே பார்த்திருந்தால் எடையைப் பற்றி முணுமுணுத்திருப்பார், ஆனால் ரசித்திருப்பார்.

ரீல்ஸ் விஷயத்துக்கு வருவோம். 2021-ல் மெர்குரி கம்பெனி 600 ஹெச்.பி அவுட்போர்டு ஒன்றை இறக்கியது. பன்னிரண்டு சிலிண்டர், எடை அரை டன்னுக்கு மேல். அதாவது வேகத்தில் இன்போர்டைப் பிடிக்கப்போன அவுட்போர்டு, தூக்க முடியாததாகிவிட்டது. உங்களிடம் ஆழமான கடலும், கிரேன் இருக்கிற துறையும், தாராளமான பணமும் இருந்தால் வாங்குங்க, தப்பில்லை. பழவேற்காட்டுக்கு அது ஆகாது. இங்கே முகத்துவாரம் மணல் மூடி மூடித் திறக்கும். அந்தத் தண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதனால் தோணிரேவுக்குப் போனால் ஜாலி ரைடு கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதீங்க. கரையில் நின்று பாருங்க, போதும்.

எவின்ரூட் பெயரில் அவுட்போர்டு தயாரிப்பது 2020-ல் நின்றுபோனது. கரையில் நீங்க பார்க்கிற இன்ஜின்களில் வேறு கம்பெனிப் பெயர்கள்தான் இருக்கும். சாயங்காலம் வரை இருந்தீங்கன்னா, யாராவது ஒருவர் படகிலிருந்து இன்ஜினைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடப்பதைப் பார்க்கலாம். உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, சாக்கைப் போட்டு மூடிவைக்கணும். விடியறதுக்குள்ள மறுபடி மாட்டணுமே.