தைப்பிங்கில் உறங்கும் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப்

தைப்பிங் ஏரிப் பூங்காவைத் தாண்டி மேக்ஸ்வெல் மலைக்குப் போகிறவர்கள், சாலையோரம் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கல்லறைகளைப் பார்த்திருப்பார்கள். பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற விமானி ஆர்தர் ஸ்கார்ஃபும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

1913-இல் லண்டன் விம்பிள்டனில் பிறந்த ஸ்கார்ஃப், 1936-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். 62ஆவது விமானப் பிரிவுடன் 1939-இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், பின்னர் அலோர்ஸ்டாரில் பணியாற்றினார். 1941-இல் பினாங்கில் திருமணம். மனைவி எலிசபெத் தாதியாக வேலை செய்தார். திருமணமாகி ஓராண்டு முடிவதற்குள் போர் வாசலுக்கு வந்துவிட்டது.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கடற்கரைகளிலும் இறங்கினர். அலோர்ஸ்டார் விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. எஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின.

மறுநாள், சிங்கோரா விமானத்தளத்தைத் தாக்க உத்தரவு வந்தது. ஸ்கார்ஃபின் பிளென்ஹெய்ம் விமானம் மேலே எழும்பிய சற்று நேரத்தில், ஜப்பானிய விமானங்கள் பட்டர்வொர்த்தைத் தாக்கின. புறப்படக் காத்திருந்த மற்ற விமானங்கள் தரையிலேயே அழிந்தன அல்லது சேதமடைந்தன. வானில் இருந்தது அவர் விமானம் ஒன்றுதான்.

அப்போது திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்கார்ஃப் திரும்பவில்லை. உடன் இருந்த கால்டர், ரிச் இருவருடன் எல்லையைக் கடந்து சிங்கோரா சென்று குண்டு வீசினார்.

ஜப்பானியப் போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஸ்கார்ஃபின் இடக்கை சிதைந்தது. முதுகிலும் குண்டு பாய்ந்தது. ரத்தம் வழிய வழிய, மரங்களை ஒட்டித் தாழப் பறந்து எல்லைக்குள் வந்து சேர்ந்தார். சாய்ந்து விழாமல் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டவர்கள் அந்த இரு தோழர்களே.

பட்டர்வொர்த் வரை தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தது. அலோர்ஸ்டாரில் சக்கரங்களை இறக்காமலே விமானத்தை வயலில் இறக்கினார். தோழர்கள் இருவருக்கும் காயமே இல்லை.

அவரைக் கொண்டு சென்ற மருத்துவமனையில் பணியில் இருந்தவர் எலிசபெத். கணவருக்குத் தம் ரத்தத்தையே கொடுத்தார். ஆனாலும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்போது ஸ்கார்ஃபுக்கு வயது 28.

மலாயா வீழ்ந்த குழப்பத்தில் இந்தச் செய்தி வெளியே தெரியவில்லை. போர் முடிந்த பிறகே விவரங்கள் திரட்டப்பட்டு, 1946 ஜூனில் விருது அறிவிக்கப்பட்டது. அதை மன்னரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் எலிசபெத்.

அன்று ஒற்றை விமானம் வீசிய குண்டுகளால் ஜப்பானியரின் முன்னேற்றம் நிற்கவில்லை; சில நாள்களில் கெடாவும் பினாங்கும் வீழ்ந்தன. ஆனால், தம்மை நம்பி உடன் வந்த இருவரையும் உயிரோடு தரையிறக்கிய பிறகே ஸ்கார்ஃப் கண் மூடினார்.