ஜான் பனியன் வாழ்வில் வலுவின்மை

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) என்னும் தழுவற் காப்பியத்தின் வழியாகத் தமிழுலகம் அறிந்துள்ள ஜான் பனியன், புலமை மரபில் வந்தவரல்லர். இங்கிலாந்தின் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628இல் பிறந்தவர். தந்தையார் ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலினர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். கல்வி, எழுதப் படிக்கக் கற்றதோடு நின்றது. முதல் மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு சமய நூல்கள் மட்டுமே.

பனியனின் மனவுறுதிக்குச் சான்றாகப் பன்னிரண்டாண்டுச் சிறைவாசத்தைச் சுட்டுவது வழக்கம். அவ்வுறுதி எத்தகைய மனத்திலிருந்து பிறந்தது என்பதை, சிறையிலிருந்தபோது 1666இல் அவர் வெளியிட்ட தன்வரலாறே காட்டுகிறது. அந்நூலில் வீரர் எவரும் இல்லை. அஞ்சி நடுங்கும் ஒருவரே இருக்கிறார்.

ஆடலையும் ஆலயமணி அடிக்கும் பொழுதுபோக்கையும் விட்டொழித்துத் தம்மை நல்லவரென அவர் எண்ணியிருந்த காலம். பெட்போர்டுத் தெருவொன்றில் ஏழைப் பெண்கள் மூவரோ நால்வரோ வாயிற்படியில் வெயிலில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தனர். சமயப் பேச்சில் வல்லவரான பனியன் அதில் கலந்துகொள்ள நெருங்கினார். ஆயின் அவர்கள் பேசியது அவருக்கு விளங்கவில்லை. தம் நெஞ்சின் இழிநிலையையும் இறைவனின் இரக்கத்தையும் ஒருசேர, அதுவும் மகிழ்ச்சியோடு, அவர்கள் பேசினர். அவர்கள் வழியாகவே ஜான் கிஃபர்டின் சிறு திருச்சபையோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது.

அதன்பின்னும் அமைதி கிட்டவில்லை. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் இரவும் பகலும் அவரை அலைக்கழித்தது. ஒருநாள் காலை, படுக்கையில் போராடிக் களைத்த நிலையில், போகட்டும் என்று மனம் ஒருகணம் இசைந்துவிட்டது. பிறப்புரிமையை ஒருவேளை உணவுக்கு விற்று, பின்னர் கண்ணீரோடு தேடியும் பெறாத ஏசாவின் கதை தம்மைப் பற்றியதே என்று அவர் துணிந்தார். நெடுங்காலம் நீடித்தது அத்துயர். அக்காலத்தில், வலுவின்மையிலேயே இறைவல்லமை நிறைவுறும் என்னும் பவுலின் திருமுகப் பகுதியைப் படித்து, அது தம்மை எட்டுமளவுக்கு விரிந்ததன்று எனச் சினந்து நூலைக் கீழே எறிந்தார்.

சில நாள்களில் அப்பகுதியே அவர் நெஞ்சில் எழுந்தது. ஆனால் முழுமையாக அன்று. அருள் போதும் என்பது வந்தது; உனக்கு என்பது வரவில்லை. ஆங்கிலத் தொடரில் அச்சொல் இறுதியில் நிற்பதால், வாக்கியம் முற்றுப்பெறாமல் தொங்கியது போன்ற நிலை. தமிழ் மொழிபெயர்ப்பில் அது பயனிலைக்கு முன்னர் அமைவதால் இத்தவிப்பின் வடிவம் நமக்குச் சட்டெனப் புலப்படுவதில்லை. அருள் உண்டென்பதில் அவருக்கு ஐயமில்லை. கொள்வோனைக் குறிக்கும் அந்த நான்காம் வேற்றுமைச் சொல் தம்மைக் குறிக்குமா என்பதே ஐயம். சில வாரங்கள், ஒரே நாளில் பலமுறை அமைதியும் அச்சமும் மாறிமாறி வர, அவர் அச்சொல்லுக்காக மன்றாடினார். பின்னர் சபையார் கூட்டமொன்றில் துயருற்று இருந்தபோது, விடுபட்ட சொல்லும் சேர்ந்து முழுத்தொடரும் மும்முறை உள்ளத்தில் ஒலித்தது என்கிறார்.

இதனால் அச்சம் அடியோடு அகன்றுவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. போதகரான தொடக்கத்தில், விலங்கிட்டவராகவே விலங்கிட்டவர்களிடம் பேசச் சென்றதாகப் பதிவு செய்கிறார். அரசின் இசைவின்றி உபதேசித்தமைக்காக 1660 நவம்பரில் கைது செய்யப்பட்டார். இனி உபதேசிப்பதில்லை என்று ஒப்பியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். 1661இல் இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதி மேத்யூ ஹேலின் முன் நின்று, பார்வையற்ற மகள் உட்பட நான்கு பிள்ளைகளைக் காட்டி மன்றாடினார். ஹேல் இரங்கினாரேயன்றி விடுவிக்கவில்லை. சிறையில் பனியன் காலணிக் கயிறுகள் முடைந்து குடும்பத்தைக் காத்தார். பார்வையற்ற மகளை எண்ணும்போதெல்லாம் தம் வீட்டைத் தம் கையாலேயே இடிப்பதாக உணர்ந்தார்.

தூக்கிலிடப்படலாம் என்ற அச்சமும் இருந்தது. சாவைவிட, ஏணியில் ஏறுகையில் முழங்கால் நடுங்கி, முகம் வெளிறி, தம் சமயத்துக்கே இழுக்குத் தேடிவிடுவோமோ என்பதுதான் அவரை வருத்தியது. ஆறுதல் வேண்டிப் பலநாள் இறைஞ்சினார்; வரவில்லை. ஆறுதல் தருவதும் தராததும் இறைவன் விருப்பம், தாம் கைவிடுவதற்கில்லை என்று முடிவு செய்து, விண்ணுலகோ நரகோ எதுவாயினும் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதென்று துணிந்தார். வலிமையுணர்வு தோன்றுமுன்னரே எடுக்கப்பட்ட முடிவு இது. பனியனைப் பற்றிய மதிப்பீடுகள் இக்கட்டத்தை விரைந்து கடந்துவிடுவது குறையே.

1672இல் விடுதலை பெற்றார். மோட்சப் பயண நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. எனினும் இங்குக் கருதத்தக்கது 1684இல் வந்த இரண்டாம் பகுதியே. முதற்பகுதியில் பெரும்பாலும் ஓரிருவராக நடந்த பயணம் இதில் கூட்டமாகிறது. கூட்டத்தில் வலுவற்றோர் சேர்கின்றனர். தளர்மனம் என்பதையே பெயராகக் கொண்ட ஒருவர், தம்மால் பிறருக்கு ஈடுகொடுக்க இயலாதென்று தயங்குகிறார். வழித்துணையாக வரும் வீரரோ, அவருக்காகக் காத்திருப்பதோடு தங்கள் கருத்துகள், வழக்கங்கள் சிலவற்றையும் விட்டுக்கொடுப்பதாக உறுதியளிக்கிறார். ஊன்றுகோல்களில் நடக்கும் இன்னொருவர் தம் கோல்களுள் ஒன்றைத் தளர்மனத்தாருக்கு நீட்டுகிறார். அவர் தாம் நொண்டியல்லர் என்று மறுத்து, நாய் வந்தால் விரட்ட உதவலாம் என்கிறார். பனியனின் நகைச்சுவை இவ்வளவு கனிவோடு வேறெங்கும் அமைந்திலது எனலாம். அவநம்பிக்கை அரக்கன் வீழ்ந்தபின், ஊன்றுகோலார் அச்சமே பெயரான பெண்ணின் கைப்பற்றி, மறுகையில் கோலை ஊன்றியபடியே நடனமாடுகிறார். இறுதி ஆற்றங்கரை வரை அவர் கோல்களை விட்டாரில்லை.

1688இல், தந்தைக்கும் மகனுக்கும் இடையே நேர்ந்த பிணக்கைத் தீர்த்துவைத்து, பனியன் கொட்டும் மழையில் குதிரையில் இலண்டனுக்குத் திரும்பினார். காய்ச்சல் கண்டு, ஆகஸ்டு 31இல் நண்பர் இல்லத்தில் காலமானார். உடல் இலண்டன் பன்ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.